மேடவாக்கத்துக்குப் போகாத பதினோரு தாள்கள்

என் பெயர் முதாசிர். வயது இருபத்திரண்டு. வேலை தாம்பரத்தில், இன்று மட்டும் மேடவாக்கம் குடோனில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க வராது. நான் சொல்லச் சொல்ல இந்தக் குடோனைப் பார்த்துக்கொள்ளும் ஜெயஸ்ரீ அக்கா அடிக்கிறார். பிழை இருந்தால் அவருடையது. இந்த வரியையும் அவரே அடித்துவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

உம்மா, வாப்பா, போன வாரம் போனில் "வேலை நல்லாப் போகுது" என்றேன். அது பொய். மூன்று மாத சோதனைக் காலம் சனிக்கிழமையோடு முடிய இருந்தது. அன்றைக்கு என்னை அனுப்பிவிடுவார்களோ என்று ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

முதலாளி கலீல் பாய்க்கு வாஷ்பேசின், குழாய், டைல்ஸ் வியாபாரம். சரக்கு மேடவாக்கத்தில். பில் போடுவது தாம்பரத்தில். எங்கள் டெலிவரி ஆள் துரை அண்ணன் பில்லை வாங்கிக்கொண்டு, தண்ணீர் லாரிகளுக்கு நடுவே பைக்கை நுழைத்துப் போய்ச் சேர்வதற்குள், சரக்கு ஏற்றிய வண்டி ஒரு மணி நேரம் சும்மா நிற்கும். அதற்காகத்தான் பாய் இரண்டு வி.பி.என். ரூட்டர் வாங்கினார். இரண்டு இடத்தையும் இன்டர்நெட் வழியாக ஒரே அலுவலகம் போலச் சேர்த்துவைக்கும் பெட்டி அது. தாம்பரத்தில் நான் அமுக்கினால் மேடவாக்கம் பிரிண்டரில் பில் வர வேண்டும்.

"சனிக்கிழம நாலு மணிக்குள்ள அங்க பில்லு வந்தா நீ பர்மனென்ட்டு. வரலைன்னா ஊருக்குப் போயி வாப்பா கடையில குந்து" என்று பாய் சொல்லிவிட்டார்.

பாய்க்கு எல்லாமே ராசியான 786தான். கார் நம்பர் 786. செல்போன் கடைசி மூன்று எண் 786. ரூட்டர் வாங்குவதற்கு முன்பே, அவர் அறையில் பிரிண்டர் வைத்த அன்று, "இதுக்கும் நெட்வொர்க்குல முகவரி மாதிரி ஒரு நம்பர் குடுக்கணும் பாய்" என்று நான் வாயை விட்டேன்.

"786 போடு."

"அவ்ளோ பெரிய நம்பர் எடுக்காது பாய். இருநூத்தம்பத்தஞ்சோட நின்னுடும்."

"நடுவுல புள்ளி வெப்பீங்கல்ல? ஒடச்சுப் போடு."

அப்படித்தான் 192.168.7.86 வந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுவாரம் குடோனுக்கும் அதே மாடல் பிரிண்டர் ஒன்று வாங்கினார். "அதுக்கும் அதே நம்பர் வெய்யி. அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றார். சோதனைக் காலத்தில் இருப்பவன் தலையை ஆட்டாமல் என்ன செய்வான்? வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். இரண்டு ரூட்டரிலும் பச்சை விளக்கு எரிந்தது. மேடவாக்கம் பிரிண்டருக்கு 'டெஸ்ட்' என்று ஒரு பக்கம் அனுப்பினேன். என் திரையில் 'பிரிண்ட் ஆகிவிட்டது' என்று வந்தது. ஜெயஸ்ரீ அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இன்னா தம்பி, ஒண்ணுமே வரல. பேப்பர் வெச்சது வெச்சாப்ல கீது."

மறுபடி அனுப்பினேன். அதற்கும் 'பிரிண்ட் ஆகிவிட்டது'. அங்கே ஒன்றுமில்லை. இப்படியே பத்துத் தடவை. பயத்தில் 'டெஸ்ட்' என்று அடிப்பதை விட்டு, இங்கிலீஷ் எழுத்தில் மனசில் வந்ததையெல்லாம் அடித்து அனுப்பினேன். பதினொன்றாவதை அனுப்பியபோது மணி இரண்டரை.

பாய் அறையின் கதவு திறந்தது. தொழுகை முடிந்து அவர் திரும்பியதைக்கூட நான் கவனிக்கவில்லை. கையில் ஒரு கட்டுத் தாள்.

"முதாசிரு, 'ப்ளீஸ் வந்துடு'ன்னு எழுதிகீறியே, யாருப்பா அந்தப் பொண்ணு?"

அவர் அடுத்த தாளை எடுத்து நிதானமாகப் படித்தார்: "'அக்கா, பாய் கேட்டா ரூட்டர் சரியில்லன்னு சொல்லுங்க.' சரி, பாய் கேக்கறேன். சொல்லு."

"பாய்… இது உங்க பிரிண்டர்லயா வந்துச்சு?"

"பின்ன என் வாயிலயா வந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "பாய், தாம்பரத்துலயும் பாரதி நகர் ஏழாவது தெரு, மேடவாக்கத்துலயும் பாரதி நகர் ஏழாவது தெரு. ரெண்டுலயும் கதவு எண் எம்பத்தாறுன்னு வெச்சுக்கோங்க. ஊர் பேரு போடாம லெட்டர் குடுத்தா போஸ்ட்மேன் என்ன பண்ணுவாரு? பக்கத்துல இருக்கற வீட்ல போட்டுட்டுப் போயிடுவாரு. அதான் எல்லாம் உங்க ரூமுக்கே வந்திருக்கு."

"அப்போ நம்பர் சொன்ன நான்தான் தப்பா?"

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஏற்கெனவே பதினோரு தாளில் மாட்டிக்கொண்டவன்தானே. "நீங்க சொன்னது தப்பில்ல பாய். ரெண்டு எடத்துலயும் ஒரே நம்பர் கூடாதுன்னு நான் சொல்லாதது தப்பு."

பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "தலையாட்டறதுக்குன்னா நான் பூம்பூம் மாடு வாங்கிக் கட்டிக்குவேன். உனக்கு எதுக்கு சம்பளம்? போ, ஒண்ண மாத்து. என்னுதுல மட்டும் கை வெக்காத."

அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, குடோன் நம்பர் எல்லாத்தையும் மாத்தணும். ஏழு வேணாம். வேற ஒண்ணு சொல்லுங்க."

"நானா? அப்போ ஆறு போடு. முருகன் நம்பரு."

பாயைப் பார்த்தேன். "போட்டுத் தொலை. அந்தம்மா குடோன்தானே" என்றார்.

ஒவ்வொரு புள்ளியாக நான் சொல்ல, அக்கா மூன்று கம்ப்யூட்டர், பிரிண்டர், கடைசியில் ரூட்டர் என்று மாற்றினார். ரூட்டர் அணைந்து மறுபடி எழும்வரை ரிசீவரைக் காதிலிருந்து நான் எடுக்கவே இல்லை. என் கம்ப்யூட்டரிலும் ரூட்டரிலும் குடோனின் புது நம்பரைப் பதிந்தேன். மூன்று ஐம்பதுக்கு உண்மையான பில் ஒன்றை அனுப்பினேன்.

போனில் முதலில் ஒரு கரகர சத்தம். அப்புறம் அக்காவின் குரல்: "வருது, வருது! கோவிலம்பாக்கம் பார்ட்டி, வாஷ்பேசின் நாலு… டிரைவரு, வண்டிய எடு!"

பாய் போனைப் பிடுங்கினார். "எழுத்து தெளிவா கீதாம்மா?"

"உங்க கையெழுத்த விட தெளிவா கீது பாய்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரிஜினல் சர்டிபிகேட்ட வரவழைச்சுடு. பர்மனென்ட்டு லெட்டர் டைப் பண்ணணும். பிரிண்டு என் ரூம்லயே எடுத்துக்கலாம், வழி உனக்குத் தெரியும்ல?"

ஆகவே இதை வீட்டில் யார் முதலில் படித்தாலும் சரி, பீரோவின் மேல் தட்டில் இருக்கும் என் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் டிப்ளமோ சர்டிபிகேட்டையும் மடிக்காமல், அட்டை வைத்து, தாம்பரம் அலுவலக முகவரிக்கு நாளைக்கே கூரியரில் அனுப்புங்கள்.