மழுங்கும் கத்தி

காலில் கட்டியிருந்த கத்தி உறையோடு கடலுக்குள் நழுவிப்போன அன்றே தேவதாசன் முடிவெடுத்துவிட்டான்: இனி இடுப்புப் பையில் மடக்குக் கத்திதான். சங்கு குளிக்கிறவனுக்கு அடியில் எமன் சுறா இல்லை; எவனோ அறுத்துவிட்டுப் போன நைலான் வலை. அதில் மாட்டினால் கத்திதான் உயிர்.

அதனால் திரேஸ்புரத்தில் பேச்சிராஜா அண்ணாச்சி கடையில் அவன் அவசரப்படவில்லை. கூட வந்த கஸ்பார்தான் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான். கஸ்பார், தேவதாசனின் மனைவி ரீனாவின் தம்பி. இருவரும் ஒரே படகில் போய்ச் சேர்ந்தே முங்குகிறவர்கள்.

"இது கார்பன் ஸ்டீலு," என்றார் அண்ணாச்சி. "தீட்டினா கூர் நிக்கும். உப்புத்தண்ணி ஆகாது, துரு ஏறிரும். அது ஸ்டெயின்லெஸ்ஸு. சீக்கிரம் மழுங்கும், துரு லேசுல பிடிக்காது. கடலுக்குன்னா அதான் நல்லது."

தேவதாசன் கார்பன் கத்தியால் முன்கை மயிரை வழித்துப் பார்த்தான். மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

"தேங்கா எண்ணெ தடவுனா துரு எப்படி வரும் அண்ணாச்சி?"

கஸ்பார் ஸ்டெயின்லெஸ்ஸை எடுத்தான்.

"ஏலே, அத வச்சி உங்க அக்காவுக்கு வெங்காயம் உரிச்சுக் குடு," என்று சிரித்தான் தேவதாசன். படகிலும் இதே கேலிதான். கஸ்பாருக்குக் கத்தி தீட்டவும் வராது, கேட்கவா வேண்டும்!

தேவதாசன் அலகுக்குத் தவறாமல் எண்ணெய் போட்டான். மடங்குகிற மூட்டுப் பகுதியை நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்று மட்டும் அந்தக் கெட்டிக்காரனுக்குத் தோன்றவில்லை. கோயில் திருவிழா வந்து படகுகள் கரையேறின. ஊரே கொடியேற்றம், சப்பரம் என்று அமளிப்பட, கத்தி ஈரப் பனியனோடு பைக்குள் கிடந்தது.

திருவிழா கழிந்த முதல் முங்கிலேயே வலை கணுக்காலைப் பிடித்தது. உதறினான். உதறியதுதான் தப்பு. வலை முழங்காலுக்கு ஏறி, படகிலிருந்து வரும் காற்றுக் குழாயையும் சேர்த்து நெரித்தது. வாய்க்கு வந்த காற்று மெலிந்தது.

கத்தியை எடுத்து நகத்தால் அலகை இழுத்தான். வரவில்லை. மடங்கும் இடத்தைத் துரு கவ்வியிருந்தது. மறுபடி இழுத்தான், நகம்தான் பிய்ந்தது. ரீனாவின் முகம் நினைவில் வந்தது. செத்தேன் என்றே நினைத்தான். தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

தூரத்தில் இருந்த கஸ்பார் பார்த்துவிட்டான். பாய்ந்து வந்து, தன் வாய்க்குழாயைப் பிடுங்கி மச்சான் வாயில் திணித்துவிட்டு, தன் கத்தியை விரித்தான். அது உடனே திறந்துகொண்டது. ஆனால் அறுக்கவில்லை, அவ்வளவு மழுங்கல். மூச்சை அடக்கிக்கொண்டு ரம்பம் போல முன்னும் பின்னும் இழுத்தான். ஓர் இழை போனது. இன்னொன்று. கஸ்பாரின் கண்கள் பிதுங்குவதை ஒரு முழம் தள்ளியிருந்து தேவதாசன் பார்த்தான். குழாயைத் திருப்பிக் கொடுக்க நீட்டினான். அவன் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு அறுத்தான். கடைசி இழை விட்டதும் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்கள்.

படகில் கஸ்பார் குப்புறக் கிடந்து இருமினான். வெங்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவதாசனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏலே, அந்தக் கத்தியத் தா."

தேவதாசன் அதை வாங்கி, கல்லில் வைத்துத் தீட்டத் தொடங்கினான்.

"நாளைக்கே மழுங்கிரும் மச்சான்," என்றான் கஸ்பார், கண்ணைத் திறக்காமல்.

"மழுங்கட்டும். தினமும் நான் தீட்டித் தாரேன்."