அடுத்த ஆண்டு பார்க்கலாம்

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த மூன்று நாளும் ரோஷினிக்குச் சோறு இறங்கவில்லை. டெல்லியில் பட்ஜெட் தயாரிக்கும் பிரிவில் அவள் அதிகாரி. வருமான வரியைக் குறைப்பதென்று மேலே முடிவாகியிருந்தது. அதனால் வரவில் விழும் பள்ளத்தை அடைக்க எந்தெந்தச் செலவைத் தள்ளிவைக்கலாம் என்று பட்டியல் போட வேண்டியது அவள் வேலை. பதினோரு திட்டங்களைக் குறித்திருந்தாள். தோல் ஒட்டும் வசதியோடு பத்து மாவட்டங்களில் தீக்காயப் பிரிவு தொடங்குவதாகப் போன வருடம் அறிவித்த திட்டமும் அதில் ஒன்று. அதற்கு நேரே, 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று தன் கையாலேயே எழுதிவிட்டுத்தான் சிவகாசிக்கு ரயிலேறினாள்.

பட்டாசு ஆலை நடத்தும் அவள் அப்பா சீனிவாசகம் விடுவதாயில்லை.

"இந்த வருசமாவது வரியக் குறைப்பாகளா?"

"சொன்னா என் வேலை போயிரும்ப்பா."

"ஜாடையாவது காட்டேன்."

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டாள்.

திரும்பும் நாள் மதுரை விமான நிலையத்துக்குக் கார் கிளம்பும்போது பாண்டிமீனா வந்து நின்றாள். அப்பாவின் ஆலையில் வெடிமருந்து அடைத்தவள். நான்கு வருடத்துக்கு முன் நடந்த விபத்தில் இரண்டு கையும் வெந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மாதம் ஒருமுறை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள்.

"பாப்பா, கார்ல ஓரமா வந்துக்கிடட்டா? பஸ்ல கம்பியப் பிடிக்க முடியல."

"முன்னாடி உக்காருங்கக்கா."

 விருதுநகர் தாண்டியதும், பாண்டிமீனா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"அன்னைக்கும் இதே ரோடுதான். தோல் வைக்கணும்னா மதுரைதான்னு நம்மூரு ஆஸ்பத்திரில அனுப்பிட்டாக. ஆம்புலன்ஸ் டிரைவரு 'இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு'ன்னாரு. கூடப் படுத்திருந்த செல்லத்தாயி கள்ளிக்குடிகிட்ட பேச்ச நிறுத்திட்டா. நான் அவ தூங்குதான்னு நெனச்சேன்."

 விமான நிலையத்தில் இறங்கியதும் ரோஷினி மேலதிகாரிக்குப் போன் போட்டு, தீக்காயப் பிரிவுத் திட்டத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றாள்.

"உங்கள் மாவட்டமும் அந்தப் பத்தில் உண்டா?" என்று கேட்டார் அவர்.

"உண்டு சார். அப்பாவுக்கு அங்கே பட்டாசு ஆலை இருக்கிறது."



"அப்படியென்றால் அந்த ஃபைலை நீங்கள் தொட்டிருக்கவே கூடாது, ரோஷினி."

அவர் சொன்னது நியாயம்தான். டெல்லி போனதும் அப்பாவின் ஆலை விவரத்தை எழுதிக் கொடுத்தாள். கூடவே, பெரிய வருமானக்காரர்களுக்கான சலுகையைச் சற்றுக் குறைத்தாலே பத்துப் பிரிவுகளையும் தொடங்கிவிடலாம் என்று ஒரு பக்கக் குறிப்பும் வைத்தாள். ஃபைல் வேறொருவர் மேசைக்குப் போனது. குறிப்புக்குப் பதில் வரவில்லை. அடுத்த பத்து நாளும் அவள் அந்த ஃபைல் இருந்த அறை வாசலைத் தாண்டும்போதெல்லாம் நடையை மெதுவாக்கினாள்; உள்ளே போகவில்லை.

பட்ஜெட் அன்று வரி குறைந்தது. பத்துத் தீக்காயப் பிரிவுகள் நான்காகியிருந்தன. எந்த நான்கு மாவட்டம் என்பது பின்னால் அறிவிக்கப்படுமாம்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "ஆபீஸ்ல எல்லாத்துக்கும் லட்டு குடுத்தேன்மா. எனக்கே நல்ல மிச்சம்."

பத்துத் தீக்காயப் பிரிவு நான்காகிவிட்டதை அவள் சொன்னாள். அவர் குரல் இறங்கிவிட்டது.

"அந்த நாலுல நாம இருக்கமா?"

"தெரியலப்பா. ஃபைல் எங்கிட்ட இல்ல."

"யாரப் பாக்கணும், சொல்லு. நான் வாறேன்."

"நம்ம ஊருக்கு வந்தா இன்னொரு ஊருக்குக் கிடைக்காதுப்பா."

"தெரிஞ்சுதான் கேக்கேன்."

அலுவலக நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி அவள் யோசித்தாள். மனுக் கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு.

"சுகாதார அமைச்சகத்துல ஒரு மனுக் குடுங்க. எம் பேரச் சொல்லாதீங்க. பாண்டிமீனா அக்காவையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

போனை வைத்த பிறகும் அவளால் நாற்காலியில் போய் உட்கார முடியவில்லை.