வலி போன முதுகு

தபீதாளின் மாமனார் ஏசுபாதம் பக்கவாதத்தில் படுத்து மூன்று வருடமாகியிருந்தது. சென்னை அஸ்தினாபுரத்து வீட்டில் அவரைத் தூக்குவதும் குளிப்பாட்டுவதும் அவள் வேலை. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம், கணக்கு டீச்சர். 2008 ஜூனில் ஒரு காலை அவரைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். கணவன் ஐசக் வேறு வழியில்லாமல் அப்பாவைப் பார்த்துக்கொள்ள செல்வம்மாளை வேலைக்கு வைத்தான்.

பள்ளியில் கூட வேலை பார்த்த ஜெரூஷாதான் மேடவாக்கத்தில் நடந்த பிலாட்டிஸ் உடற்பயிற்சி வகுப்புக்கு அவளை அழைத்துப் போனாள். மெஷின் எதுவும் இல்லை. தரையில் விரிப்பு, அதில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, மூச்சை விட்டபடி வயிற்றை உள்ளிழுத்து, இடுப்பை மெல்லத் தூக்க வேண்டும். முதல் வாரம் ஐந்தாவது முறைக்கே தொடை நடுங்கியது. புதிதாக வருகிறவர்களுக்கு எண்ணிக்கை முக்கியமில்லை, நிதானம் போதும் என்றாள் சொல்லிக்கொடுத்த நிஷா. வயிறு பலப்பட்டால் முதுகின் சுமை தானாகக் குறையுமாம்.

குறையத்தான் செய்தது. மூன்றாம் மாதம் தபீதாள் ஆறு பீரியடும் நின்றே பாடம் நடத்தினாள். அதைவிட, வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் யாரும் தன்னைக் கூப்பிடாமல் இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு சனிக்கிழமை தண்ணீர் லாரி வந்தபோது அவள் குடத்தை மாடிக்குத் தூக்கி வருவதை ஐசக் பார்த்தான். திங்கட்கிழமை செல்வம்மாள் வரவில்லை. கேட்டதற்கு, தான்தான் வேலையை விட்டு நிற்கச் சொன்னதாக ஐசக் சொன்னான்.

“உனக்குத்தான் முதுகு சரியாயிடுச்சே.”

“கிளாஸ் போறதாலதாங்க சரியாச்சு.”

“அதான் ஆயிடுச்சுல்ல, இனிமே கிளாஸ் எதுக்கு? அப்பாவைத் தூக்கறதும் எக்சர்சைஸ்தானே.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் சண்டை போடவும் அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளே போய் மாமனாரைத் தூக்கினாள். முதுகு வலிக்கவில்லை. வலித்திருந்தால் சொல்வதற்கு ஒரு காரணமாவது இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மனைவி மூன்றே மாதத்தில் தேறிவிட்டதை ஐசக் சர்ச் வாசலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்ட, அதே சர்ச்சுக்கு வரும் யூனிஸ் தபீதாளிடம் வந்தாள். அவளுக்கும் இடுப்பு வலி. வகுப்பின் போன் நம்பர் வேண்டும் என்றாள்.

“போ யூனிஸ். நிஜமாவே நல்லாயிடும்,” என்றாள் தபீதாள். “ஆனா வலி போயிடுச்சுன்னு வீட்ல மட்டும் சொல்லிடாத.”

யூனிஸ் அதை வேடிக்கையென்று நினைத்துச் சிரித்தாள். தபீதாள் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள்.