பெருமாளின் கடற்புல் சும்மாடு

1

இந்தக் கதைக்குக் காரணம் நான் அவசரப்பட்டுக் கொடுத்த வாக்கு. கரையில் ஒதுங்கி அழுகும் கடற்புல்லை நாராக்குவதைப் பற்றிக் கதை எழுதித் தருகிறேன் என்று ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டேன். நான் ஆண்டர்சன்பேட்டைக்காரன்; கடலே இல்லாத தங்கச் சுரங்கத்து ஊர். கடலை முதலில் பார்த்தபோது எனக்கு முப்பது வயது. எங்கள் ஊருக்குக் கடற்புல் எப்படி வரும் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பெட்டியில் வரும்! வருஷம் 1896. சீமையிலிருந்து சுரங்கத்துக்குக் கண்ணாடிக் குடுவைகள் வருகின்றன. உடையாமலிருக்க உலர்ந்த கடற்புல்லை அடைத்திருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் புல் குப்பைக்குப் போகிறது. அப்பாடா, கதை கிடைத்துவிட்டது.

2

கடலன்னையின் கூந்தலைப் போல அந்தப் புல்... (சே, வேண்டாம்.)

சம்பங்கி சுரங்கத்தின் மேலே கல் பொறுக்குகிறவள். அவள் புருஷன் பெருமாள் கீழே பாறை வெட்டுகிறவன். போன மாதம் மேலிருந்து விழுந்த கல் அவன் மண்டையைப் பிளந்துவிட்டது. காயம் ஆற இருபது நாள். தலைப்பாகைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்தே தீரவேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம். குப்பையிலிருந்த புல்லை அள்ளி வந்து, சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைத்து, கட்டையால் அடித்து, மூன்று தண்ணீரில் அலசி...

மூன்று தண்ணீரில் அலசினால் புல்லில் ஒட்டியிருக்கும் கடல்மணல் போய்விடும். மணல் போனால் என் கதையும் போய்விடும். ஆகவே அன்று தண்ணீர் வண்டி வரவில்லை, ஒரே அலசல். (அவள் மன்னிக்கட்டும். அரைகுறை வேலை செய்கிறவள் இல்லை.) நார் பஞ்சாக வந்தது. சுற்றித் தைத்துச் சும்மாடு ஆக்கினாள்.

3

தங்கம் கடத்துகிறார்களா என்று தினமும் தலைப்பாகையை உதறிப் பார்ப்பது அங்கே வழக்கம். ஷிப்டு முடிந்து வந்த பெருமாளை வாசற்காவலர் ஹரோல்ட் நிறுத்தினார். சும்மாட்டைக் கிழித்தார். உள்ளே பொடிப்பொடியாக மின்னியது. திருட்டுதான் என்று முடிவு கட்டிவிட்டார். பெருமாளுக்கு இனி வேலையும் இல்லை, ஜெயில்தான்.

(எனக்கு மேலே எழுதக் கை ஓடவில்லை. அவனை மாட்டிவிட்டது நான்தானே.)

வேலை முடிந்து வந்த சம்பங்கி விஷயத்தைக் கேட்டாள். அழவில்லை.

"தொரை, ஒரு தட்டுல தண்ணி குடுங்க. பொன்னா இருந்தா அடியில நிக்கும். மண்ணா இருந்தா ஓடிப்பூடும்."

அவர் கண்ணெதிரிலேயே நாரை உதறித் தட்டைச் சுழற்றினாள். மின்னியதெல்லாம் தண்ணீரோடு வழிந்து போயிற்று. கடல்மணலில் கலந்திருந்த சிப்பித் தூள். காலித் தட்டை ஹரோல்ட் இரண்டு முறை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

"இன்னா பொம்பள நீ, இன்னொரு தபா அலசியிருக்கக் கூடாதா?" என்றான் பெருமாள். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

4

ஒன்றை மறைத்துவிட்டேன். முதலில் எழுதியபோது தட்டின் அடியில் ஒரே ஒரு நிஜப் பொன்துகளை விட்டிருந்தேன். ஒரு ஷிப்டு முழுக்கச் சுரங்கத்தில் கிடந்த சும்மாட்டில் ஒரு துகள்கூட ஒட்டாதா என்று புத்தி கேட்டது. பிறகு அந்த வரியை அடித்தேன். அடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தத் துகளை நீங்கள் திரும்ப வைக்கலாம், உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவர்கள் இரண்டு பேரும் வாசலைத் தாண்டிப் போகும்வரை பொறுங்கள்.