காந்தம் தடவிய செருப்பு

1

"காலைத் தூக்குங்க."

"இப்பதானே தூக்கினேன்."

"அது இடது. எனக்கு இந்த—"

"ரெண்டும் ஒரே ரூம்லதான் நின்னுச்சு. ஒண்ணு மட்டும் என்ன வெளியூரா போய்—"

"பேசாதீங்க. உங்க கால் செவிடு. குத்தினாலும் சொல்லாது. நான்தான் கேக்கணும்."

"எண்ணெய் போடத்தான் உள்ள போனேன். லேத்தை ஓட்டவே இல்ல."

"அதைக் காந்தம் சொல்லட்டும்."

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. பக்கத்து வீட்டுக்கும் எனக்கும் நடுவே ஒற்றைச் செங்கல்தான். எனக்கு எப்போதும் குரல்தான் முதலில் வரும். முகத்தைப் பிறகு ஒட்டிக்கொள்வேன். ஒட்டுக்கேட்டாள் கிழவி என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை.

'பணி ஓய்வுக்குப் பின் அவர் வீட்டிலேயே ஒரு சின்ன லேத், அதாவது இரும்பைக் கடையும் இயந்திரம், வைத்து—' [மனு எழுதுகிற மாதிரி இருக்கிறது.]

'சமையலறையை ஒட்டிய அறையை நோக்கி ஒரு குழந்தை தவழ்ந்து—' [அடித்துவிட்டேன். அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. வாசகரைப் பயமுறுத்தக் குழந்தையைக் கூப்பிடுவது சோம்பேறிகள் வேலை.]

நடந்ததையே சொல்கிறேன். இருபது வருடச் சர்க்கரை பக்கத்து வீட்டுக்காரரின் பாதங்களின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது. போன வருடம் ஓர் இரும்புச் சீவல் குதிகாலில் ஏறி, அதன்மேலேயே மூன்று நாள் நடந்திருக்கிறார். புண் ஆற இரண்டு மாதம். "அடுத்த தடவை கால் மிஞ்சுமான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து லேத்தைச் சுற்றி பிளாஸ்டிக் தகடு, அடியில் ட்ரே, வாசலில் திரை, அறைக்கென்று தனிச் செருப்பு. இத்தனையும் தாண்டி வருவதைப் பிடிக்க ஒரு காந்தம்.* அதைச் செருப்பின் அடியிலும் கால்மிதியிலும் பாதத்திலும் தடவுவாள் அவர் மனைவி. கண்ணால் பார்த்தால் போதாதா? அவள் கண்ணில் புரை. செவிட்டுக் காலுக்கு மங்கல் கண் காவல். இரண்டுக்கும் நடுவில் அந்தக் காந்தம்.

* பாலித்தீன் பைக்குள் போட்ட காந்தம். பையை உள்வெளியாகப் புரட்டிக் காந்தத்தை எடுத்தால் சீவலெல்லாம் பைக்குள் தங்கிவிடும். யோசனை அவளுடையது. ஊரெல்லாம் தன்னுடையது என்று சொல்லித் திரிகிறார் அவர்.

3

இந்த மனிதரை எழுதும்போது கை தயங்குகிறது. நாற்பது வருடம் கடைசல் பட்டறையில் நின்றவருக்குக் காந்தத்தில் எது ஒட்டும், எது ஒட்டாது என்று தெரியாதா?

தெரியும். எப்படிச் சொல்கிறேன் என்றால்—

[இந்த இடத்தில் இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.]

கதை சுவர் வழியாக வந்தது என்றேனே, அது பாதிதான். மீதி, இன்று மதியம் என் கையிலிருந்து போனது. என் மேசை இழுப்பறையின் குமிழ் உடைந்துவிட்டது. அவள் கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும் போய்க் கேட்டேன்.

"தம்பி, இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு தர முடியுமா?"

"பித்தளையா? ஊசி ஊசியா பறக்கும் அக்கா. இரும்பு மாதிரி சுருண்டு விழாது, காந்தத்துலயும் ஒட்டாது."

"அப்ப வேண்டாம்."

"இருங்க. நானே பெருக்கிடறேன். அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா லேத்தையே தூக்கி வெளிய போட்டுடுவா."

நானும் தலையாட்டினேன், ஒரு குமிழுக்காக.

4

முடிவு ஒன்று: சுத்தமாகப் பெருக்கிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. [எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே நம்பிக்கை இல்லை.]

முடிவு இரண்டு: நாலாம் நாள் தரையில், குதிகால் பட்ட இடமெல்லாம்— [மாட்டேன்.]

முடிவு மூன்று: கதை எழுதுகிறவள் பேனாவை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய், வாயைத் திறந்து— [இதை எழுதுவதற்குப் பதில் எழுந்து போயிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பது கேட்கிறது.]

இந்த வரியில் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. அவள்தான். கையில் காந்தப் பை. நான் பார்த்தவரையில் அவள் இப்படிச் சிரித்து வெகுநாளாகிறது. நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. என் இடத்தில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.

"பாருங்கக்கா, ஒரு துகள்கூட ஒட்டல! பாவம் மனுஷன், நிஜமாவே லேத்தைத் தொடல, நான்தான் கத்திட்டேன். இன்னைக்கு ஒரு நாளாவது வீட்டுக்குள்ள வெறுங்காலோட நடங்கன்னு விட்டுட்டு வந்தேன். சரிதானேக்கா?"