தட்டிப் பார்த்து வாங்கிய பெட்டி

உட்கார்ந்து எழுந்தால் முட்டிக்குள் மணல் அரைபடும். இருபத்திரண்டு வருடம் குத்துக்காலிட்டு டைல்ஸ் பதித்தவனுக்கு முட்டி என்று தனியாக எதுவும் மிஞ்சுவதில்லை. தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் வலி இருக்கும், அவ்வளவுதான். மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே நாள் பூரா தரையில உக்கார்ற வேலை வேணாம்" என்றார். அப்படியானால் வேறு எந்த வேலை என்று அவர் சொல்லவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

வழி சொன்னது நான் வழக்கமாக வேலை பார்க்கும் இன்ஜினியர். நான் பதிக்கப் போகும் அறையின் கணக்கை முதலில் சுவரில் பென்சிலால் போடுவேன். எந்தக் கல் எங்கே வரும், எத்தனை கல் வெட்டுப்படும், கதவுக்கு நேரே முழுக்கல் விழுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். அவர் அதைப் பல வருடம் பார்த்திருக்கிறார். "அதையே கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுங்க, போதும்" என்றார். அவர் அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரத்தில், ஆறு மாதம், காலியாகக் கிடந்த மெஷினில் கற்றுக்கொண்டேன். கல்லைத் தூக்கிய கைக்கு மவுஸ் கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது. அமுக்கினால் செத்துவிடுமோ என்று பயந்து பயந்து பிடித்தேன்.

பிறகு அந்த மேசைக்குப் புது ஆள் வந்துவிட்டார். இன்ஜினியர் ஒரு பெரிய கட்டடத்தின் அளவுகளைக் கையில் கொடுத்து, "பத்து நாள்ல வரைபடம் வந்தா மாச மாசம் வேலை உங்களுக்கு. வரலைன்னா வேற ஆளைப் பாக்கணும். கோவிச்சுக்காதீங்க" என்றார். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் வரைய வீட்டில் மெஷின் வேண்டும்.

வீடு ஒன்றரை அறை. அதில் டிவி செத்து மூன்று மாதமாகியிருந்தது. அப்பா அதற்கு முன்னால் வழக்கம்போல் உட்கார்ந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடம் மில்லில் மூட்டை தூக்கியவர். மில் சத்தம் அவர் காதைத் தின்றது, மூட்டை முதுகைத் தின்றது. மிஞ்சிய ஒரே சந்தோஷம் டிவியில் மல்யுத்தம்.

என் மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்க்கிறாள். பதினோரு மாதம் ஓவர்டைம் நின்று சேர்த்த பணத்தை எடுத்து வைத்தாள்.

"ரெண்டு வாங்க நமக்கு வக்கில்ல. ஒண்ணுதான். பகல்ல அது உங்களுக்குச் சோறு போடணும். சாயங்காலம் மாமாவுக்குப் படம் காட்டணும்."

அப்பா காதில் கை வைத்து எப்படியோ இதைக் கேட்டுவிட்டார். "படம் பெருசா இருக்கணும். அடி விழுந்தா சத்தம் கேக்கணும்" என்றார்.

எங்கள் மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் ஸ்க்ரூ அக்கா. என்னைவிட எட்டு வயது சின்னவர். ஆனாலும் தெருவுக்கே அக்கா, எனக்கும் அக்கா. அவர் என்னை அண்ணே என்பார். இதைக் கேட்டுப் புது ஆட்கள் குழம்புவார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் ஒரு பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். "ஸ்பீக்கர் வாங்காதீங்க, என்கிட்ட ஒரு ஜோடி கெடக்கு. சிபியு பொட்டி நான் எழுதினதையே வாங்குங்க. ஸ்க்ரீனை மட்டும் பாத்து எடுங்கண்ணே. கடையில எல்லாம் மேக்கப் போட்டுத்தான் நிக்கும். நெஜ நெறம் தெரியணும்னா உங்க கல்லையே எடுத்துட்டுப் போங்க."

சாம்பல் நிற டைல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடை வாசலில் காவலாளி பையைத் திறந்தார்.

"என்ன சார் இது?"

"டைல்ஸ்."

"எதுக்கு?"

"கம்ப்யூட்டர் வாங்க."

"கல்லைக் குடுத்தா கம்ப்யூட்டர் தர மாட்டாங்க சார்."

அந்தக் கல்லின் போட்டோவை ஒவ்வொரு திரையிலும் போட வைத்து, பக்கத்தில் கல்லைப் பிடித்துப் பார்த்தேன். வளைந்த பெரிய திரையில் அது நீலமாக இருந்தது. அடுத்ததில் லேசாகச் சிவந்தது. மூன்றாவதில் என் கல் என் கல்லாகவே இருந்தது. அதை எடுத்தேன். அதுவரை எல்லாம் சரி.

பிறகு பெட்டி. அக்கா எழுதிய பெயரைக் காட்டினேன். விற்பனையாளர் ஒரு பெரிய கறுப்புப் பெட்டியைக் காட்டினார். நான் விரலை மடக்கி அதன் மேல் தட்டினேன்.

டங்.

எங்கள் தொழிலில் அந்தச் சத்தம் வரக் கூடாது. பதித்த கல்லைத் தட்டினால் 'டொக்' என்று நிறைந்து கேட்க வேண்டும். வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை இல்லை, காற்று இருக்கிறது என்று பொருள். ஒரு கல்லுக்காக முழு அறையையும் பெயர்த்தவர்கள் இருக்கிறார்கள். என் கையில் இதுவரை ஒரு கல் வெற்றாகப் பேசியதில்லை. பாவம், அக்காவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் செங்கல் அளவில் சின்னதாக ஒன்று இருந்தது. தூக்கினால் கனம். தட்டினேன். டொக். விலையும் அதே விலை.

"இது எடம் அடைக்காது சார், அழகா இருக்கும்" என்றார் விற்பனையாளர். பொய் சொல்லவில்லை. என் வேலைக்கு ஆகுமா என்று நானும் கேட்கவில்லை. ஐந்து நாள் கழித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதி ஐந்து நாள்.

முதல் சாயங்காலம் வீட்டில் ஒரே கொண்டாட்டம். அக்கா கொடுத்த ஸ்பீக்கரை மாட்டி மல்யுத்தம் போட்டேன். ஒருத்தன் இன்னொருத்தனைத் தூக்கிப் போட்டதில் தட்டுகள் அதிர்ந்தன. "டேய், அவன் பல்லு தெரியுதுடா!" என்று அப்பா கத்தினார். என் மனைவி விரிப்பு தேய்த்த கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை.

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். சின்ன அறைகள் ஓடின. முகப்புக் கூடம், ஆயிரத்து நானூறு கல், இரண்டு நிறம். பாதியில் மெஷின் மூச்சு நின்றது. மேலே கை வைத்தேன், முட்டை உடைத்து ஊற்றலாம் போலச் சுட்டது. ஆற வைத்து மறுபடி தொடங்கினேன். மறுபடி நின்றது. மூன்று தடவை வரைந்தது மூன்று தடவையும் போயிற்று. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், "சீல் ஒடைச்சாச்சே சார், திருப்பி எடுக்க முடியாது" என்றார்கள். நான்கு நாள் மிச்சம்.

"அக்காகிட்ட சொல்லுங்க" என்றாள் மனைவி.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்குற மூஞ்சியத்தான். வேற மூஞ்சி இருக்கா?"

போனேன். ஸ்க்ரூ அக்கா செங்கலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எழுதினது இது இல்லையே?"

தட்டிப் பார்த்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்க்ரூ நழுவி, தரை வெடிப்புக்குள் போய் மறைந்தது.

"அண்ணே, தரைக்கு அடியில காத்து இருந்தா தப்பு. இதுக்குள்ள காத்து இல்லைன்னாதான் தப்பு. சூடு எந்த வழியா வெளிய போகும்? மெமரி சேக்கலாம்னா எடமும் இல்ல. எல்லாத்தையும் உள்ளயே ஒட்டி வெச்சுட்டான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் மேல நம்பிக்கை இல்ல, உங்க வெரல் மேல நம்பிக்கை. இத்தனை வருஷம் சோறு போட்ட வெரலாச்சே, அதைக் கொறை சொல்ல முடியுமா?"

அவர் என்னைப் பார்த்தார், சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் மேசைக்கு அடியிலிருந்த சொந்த மெஷினின் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி, ஒரு வருடம் உட்கார்ந்து அவரே கோத்தது.

"இதைத் தூக்கிட்டுப் போங்க. உள்ள பாதி காலிதான். தட்டிப் பாக்காதீங்க."

"உங்களுக்கு?"

"பில்லு போடவும் பாட்டுக் கேக்கவும் உங்க செங்கல் போதும்."

"வெலையில வித்தியாசம் இருக்குமே அக்கா..."

"காசு பேசினா திருப்பி மாட்டிருவேன். இந்தத் தரையைப் பாருங்க. வருஷத்துக்கு நூறு ஸ்க்ரூ முழுங்குது. நல்லதா ஒரு தரை போட்டுக் குடுங்க. ஆள வெச்சுப் போடக் கூடாது. உங்க கையால போடணும்."

"போட்டுத் தரேன்" என்றேன்.

ஒன்பதாம் நாள் வரைபடத்தை மேசையில் விரித்தேன். இன்ஜினியர் விரலால் வரிசை வரிசையாக எண்ணினார். "வெட்டுக்கல்லு இவ்வளவு கம்மியா?" என்றார். திரும்பவும் எண்ணினார். பிறகு, "திங்கக்கிழமை வந்து அடுத்த கட்டடத்தோட அளவை வாங்கிக்குங்க" என்றார்.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. காலையிலிருந்து ஐந்து மணி வரை திரை எனக்கு. ஐந்தடித்தால் அப்பாவுக்கு. ஒரு நிமிடம் தாண்டினால் கைத்தடியால் நாற்காலியைத் தட்டுவார். "உன் கல்லு எங்கயும் ஓடாதுடா, என் ஆள் அடி வாங்கிட்டு இருக்கான்." ஞாயிற்றுக்கிழமை என் மனைவி தலையணை மேல் காலைத் தூக்கிப் போட்டுப் படம் பார்க்கிறாள். ஓவர்டைம் விட்டுவிட்டாள். வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து சோறு தின்கிறோம். அந்தச் சோறு யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் மதிய வெயிலில் ஸ்க்ரூ அக்கா துணியில் எதையோ சுற்றிக்கொண்டு நடந்து போவதைப் பார்த்தேன். கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க். அதிலிருந்து போட்டோக்களை மீட்கும் வேலைக்கு நாலு தெரு தள்ளி இன்னொருவர் கடைக்குப் போகிறார். ஒரு வருடமாக அப்படித்தானாம். "உங்க செங்கல்ல அந்த வேலை ஓடாதுண்ணே" என்றார், இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வதைப் போல. "நடந்தா நல்லதுதானே."

அன்று சாயங்காலமே அவர் கடையை அளந்தேன். ஆறுக்கு எட்டு அடி. இரண்டடிக் கல் பன்னிரண்டு, ஒரு வெட்டும் இல்லை. அவர் கொடுத்த மெஷினிலேயே வரைந்து வைத்திருக்கிறேன். கல்லும் வாங்கிவிட்டேன், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

முட்டி மடங்க மறுப்பதால் இன்னும் ஒரு கல்கூடப் பதிக்கவில்லை. ஸ்க்ரூ அக்காவுக்கு நான் ஒரு தரை பாக்கி.