தலையில்லாமல் வேலைக்குப் போனவர்கள்

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு லேபர் ஆபீசர் ஜானகிராமன் முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மில் கேன்டீனில் சங்கத்துக்காரர்கள் படம் போடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஜன்னல்களில் கோணி, சுவரில் வெள்ளை வேட்டி. "பொம்மைப் படந்தானே, பிள்ளைங்க பாக்கட்டும்" என்று அனுமதி கொடுத்தவரே அவர்தான். படம் பிரெஞ்சில் பேசும். பாதிரிச் சாமியார்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு எனக்கு மிச்சமிருந்ததால் தமிழில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

எழுபத்தெட்டில் நான் ஸ்பின்னிங்கில் பதிலி ஆள். நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால்தான் எனக்கு வேலை. ஆறு வருஷமாகத் தினமும் கேட்டில் நிற்கிறேன். பெயர் கூப்பிட்டால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு. வேலை நிரந்தரம் ஆகப்போகிறவர்கள் பட்டியலைப் படத்துக்கு மறுநாள் ஒட்டப் போவதாகவும், அதில் என் பெயர் இருப்பதாகவும் ஜானகிராமனே காதில் போட்டிருந்தார். என் மனைவி ரோசா அதற்குள் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டாள்.

படத்தில் ஒரு பூதம் ஆலை நடத்துகிறது. வேலைக்கு வருகிறவர்கள் கேட்டிலேயே தலையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு உடம்பை மட்டும் உள்ளே கொண்டுபோகிறார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'எனக்குக் கை போதும், தலை எதற்கு?' என்றது பூதம்.

"உள்ள சூடா இருக்கும், தலைய காத்தாட வெச்சிட்டுப் போங்கன்னு சொல்றாரு" என்றேன். பூதத்துக்கு மரியாதை வேறு கொடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

சங்கு ஊதியதும் வெளியே வருகிற அவசரத்தில் ஒருவனுக்கு வேறு ஆள் தலை கிடைத்துவிடுகிறது. அதோடு வீட்டுக்குப் போகிறான். பெண்டாட்டி சோறு போடுகிறாள். அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

"குடும்பமா சந்தோஷமா சாப்புடறாங்க" என்றேன்.

நூல் சுற்றும் ரீலிங்கில் இருபது வருஷம் நின்ற கருவடிக்குப்பம் வீராயி பெஞ்சிலிருந்து எழுந்தாள். பிரெஞ்சு தெரிந்தவன் என்பதால் அவளுக்கு நான் 'முசே', அதாவது துரை. "இன்னா முசே, கத வுடற? பொண்டாட்டிக்கே ஆளு மாறனது தெரியல. எம் புருசன் ஷிப்டு முடிஞ்சி வரச்சொல்ல நான் மட்டும் மூஞ்சியப் பாத்தா சோறு போட்டேன்? ஒன் பிரெஞ்சு வாணாம், நீ உக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. நான் மைக்கோடு உட்கார்ந்துவிட்டேன். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

படத்தில் மறுநாள் விடிந்தது. தலை மாறினவன் கேட்டுக்குப் போய், தலையைக் கழற்றிக் காவலாளியின் மேஜை மேல் வைத்தான். அந்தத் தலையின் வாயாலேயே அவன் என்னவோ பேசினான். ஜானகிராமன் திரும்பினார். "என்னய்யா லூயிஸ், அவன் என்ன சொல்றான்? மைக்ல சொல்லு."

தெரிந்துகொள்ளக் கேட்டாரா, என்னைப் பரீட்சை பார்த்தாரா, தெரியவில்லை. ரோசா மடியில் எங்கள் மகள் இருந்தாள். மகள் படத்தைப் பார்த்தாள், ரோசா என்னைப் பார்த்தாள். எனக்குக் கோபமாக வந்தது, பாதி அவர் மேல், பாதி என் மேல்.

"'இது என் தலை இல்ல. என்னுத குடு. அது இல்லாம உள்ள போவமாட்டேன்'ன்றான் சார்."

அவன் சொன்னது அப்படியே கேன்டீன் முழுக்கக் கேட்டது. ஜானகிராமன் விருட்டென்று எழுந்து புரொஜெக்டர் பக்கம் திரும்பி, "நிறுத்துய்யா!" என்று கையை ஆட்டினார். படம் ஓட்டுகிறவர் இருட்டில் சுவிட்சைத் தடவிக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் ஜானகிராமனின் வெள்ளைச் சட்டை மேல் தலையில்லாத ஆட்கள் வரிசையாக நடந்து போனார்கள்.